பெயர் போனது, வண்டி ஓடுகிறது

கீழ்க்காணும் பனுவலை வாசித்து, இறுதியில் உள்ள வினாக்களுக்கு விடை காண்க.

ஜொகூர் பாருவின் தம்போய் வட்டாரத்தை நம்மில் பலர் அறிவோம். 1970களில் அங்கே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வாகனங்களைப் பொருத்தும் ஆலை ஒன்றை நடத்தியது. அந்நிறுவனம் அக்காலத்தில் மலேசியச் சந்தைக்குத் தந்த வாகனங்களுள் ஒன்று ‘ஹரிமாவ்’. மலாய்மொழியில் இச்சொல்லுக்குப் புலி என்பது பொருள். பெயர் புலியாக இருந்தாலும் வண்டி மிக எளியது. தட்டையான இரும்புத் தகடுகளை வெட்டி மடித்தே அதன் உடலைச் செய்துவிடலாம். பெரிய அச்சு இயந்திரங்கள் தேவையில்லை. இன்று நம் சாலைகளில் அந்தப் புலியைக் காண முடியாது. ஆலையும் 1980ஆம் ஆண்டளவில் உள்ளூர் நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது.

ஒரு வாகனத்தின் வணிகப்பெயர் மறைந்துபோனால் என்ன நடக்கும்? அந்த வண்டியை வாங்கியவர் உதிரிப்பாகத்துக்கு எங்கே போவார்? அதைச் செய்த தொழிலாளி என்ன ஆவார்? இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை தரும் வரலாறு, ஸ்டூடிபேக்கர் என்னும் அமெரிக்க மகிழுந்தின் வரலாறு. ஒரு காலத்தில் உலகின் பல நாடுகளில் ஓடிய வண்டி அது. இந்தியாவிலும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அதைப் பாகங்களாக வரவழைத்துப் பொருத்தி விற்றது.

கொல்லுப்பட்டறையில் தொடக்கம்

1852ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள சவுத் பெண்ட் நகரில் ஹென்றி, கிளெமன்ட் என்னும் சகோதரர்கள் இருவர் ஒரு கொல்லுப்பட்டறையைத் திறந்தனர். அவர்களிடம் இருந்த முதல் 68 டாலர். குதிரைகளுக்கு இலாடம் அடிப்பதும் குதிரை வண்டிகளைச் செய்வதும் அவர்களின் தொழில்.

அவர்களின் தம்பி ஜான், தங்கம் தேடிக் கலிஃபோர்னியாவுக்குப் புறப்பட்டார். போன இடத்தில் அவர் தங்கம் தோண்டவில்லை. தங்கம் தோண்டுவோருக்குத் தேவையான ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளைச் செய்து விற்றார். தங்கம் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. ஆனால், தள்ளுவண்டி எல்லாருக்கும் தேவைப்பட்டது. ஐந்தாண்டுகளில் சுமார் 8,000 டாலர் சேர்ந்தது. 1858இல் ஊர் திரும்பிய ஜான், அப்பணத்தை அண்ணன்மார் நடத்திய தொழிலில் போட்டார். சிறு பட்டறை பெரிய தொழிற்சாலையாக வளர்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இராணுவத்துக்கும் அவர்கள் வண்டிகளைச் செய்து கொடுத்தனர். பின்னாளில் உலகின் மிகப் பெரிய குதிரை வண்டி உற்பத்தியாளர்களுள் ஒருவராக அவர்கள் விளங்கினர்.

குதிரை வண்டியின் காலம் முடியப்போகிறது என்பதையும் இக்குடும்பம் உணர்ந்துகொண்டது. 1902இல் மின்சார மகிழுந்தையும் 1904இல் பெட்ரோல் மகிழுந்தையும் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஆயிரக்கணக்கான குதிரை வண்டி நிறுவனங்கள் அழிந்துபோன காலத்தில், மகிழுந்துத் துறைக்கு மாறி நிலைபெற்ற மிகச் சில நிறுவனங்களுள் ஸ்டூடிபேக்கர் ஒன்று.

உச்சமும் சரிவும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஸ்டூடிபேக்கர் ஏறத்தாழ 2 இலட்சம் இராணுவக் கனவுந்துகளை உற்பத்தி செய்தது. அவற்றுள் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்கு அனுப்பப்பட்டது. போர் முடிந்ததும் மற்ற நிறுவனங்கள் போருக்கு முந்தைய வடிவங்களையே மீண்டும் விற்றுக் கொண்டிருந்தன. ஸ்டூடிபேக்கரோ முற்றிலும் புதிய வடிவத்துடன் சந்தைக்கு வந்தது. ரேமண்ட் லோவி என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் நிறுவனம் அப்பணியில் பங்கெடுத்தது. அதில் ஒரு வகை வண்டியின் பின்புறக் கண்ணாடி முன்புறக் கண்ணாடியைப் போலவே அகலமாக வளைந்திருந்தது. “இந்த வண்டி வருகிறதா, போகிறதா?” என்று மக்கள் வேடிக்கையாகக் கேட்டார்களாம். 1950ஆம் ஆண்டு மாதிரியில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட மகிழுந்துகள் தயாராகின.

அதன்பின் ஏன் சரிவு ஏற்பட்டது? காரணத்தை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். புதிய மகிழுந்தின் உடலை அழுத்தி எடுக்கும் அச்சுகளுக்கு 10 மில்லியன் ரிங்கிட் செலவாகிறது எனக் கொள்வோம். பத்து இலட்சம் வண்டிகளை விற்கும் நிறுவனத்துக்கு வண்டி ஒன்றுக்கு 10 ரிங்கிட்தான் செலவு. ஓர் இலட்சம் வண்டிகளை விற்கும் நிறுவனத்துக்கு அதே செலவு 100 ரிங்கிட் ஆகிறது. சிறிய நிறுவனம் ஒவ்வொரு வண்டியிலும் 90 ரிங்கிட் பின்தங்கியே ஓட்டத்தைத் தொடங்குகிறது.

1953ஆம் ஆண்டில் ஃபோர்டும் செவ்ரோலேவும் விற்பனையில் முதலிடம் பெறப் போட்டி போட்டு விலையைக் குறைத்தன. இரண்டு யானைகள் மோதினால் மிதிபடுவது புல்தான். ஸ்டூடிபேக்கர் போன்ற சிறிய நிறுவனங்களால் அந்த விலைக்கு விற்க இயலவில்லை. அதன் தொழிற்சாலைக் கட்டடங்கள் பழையவை. உற்பத்திச் செலவும் அதிகம். 1954இல் பேக்கார்ட் என்னும் மற்றொரு பழம்பெரும் நிறுவனத்துடன் அது இணைந்தது. ஆனால், இரண்டு நலிந்த நிறுவனங்கள் சேர்ந்ததால் வலிமை பிறக்கவில்லை. 1958இல் பேக்கார்ட் என்னும் பெயர் மறைந்தது. 1959ஆம் ஆண்டு மாதிரியாக வந்த ‘லார்க்’ என்னும் சிறிய மகிழுந்து நன்றாக விற்று நம்பிக்கை தந்தது. அடுத்த ஆண்டே பெரிய நிறுவனங்கள் மூன்றும் தத்தம் சிறிய மகிழுந்துகளுடன் வந்துவிட்டன.

1963 டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸ் திருநாளுக்குச் சில நாள் முன்பு, சவுத் பெண்ட் தொழிற்சாலையில் மகிழுந்து உற்பத்தி நின்றது. கனடாவின் ஹாமில்டன் நகரிலிருந்த சிறிய ஆலை மட்டும் மேலும் சிறிது காலம் இயங்கியது. 1966 மார்ச் மாதம் அதுவும் நின்றது. 1852இல் கொல்லுப்பட்டறையில் தொடங்கிய சாலைப் பயணம் அத்துடன் முடிந்தது.

ஆனால், தாய் நிறுவனம் அன்று அழிந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதன் கையில் வேறு தொழில்கள் இருந்தன. அவற்றை நடத்திக்கொண்டே, நட்டம் தந்த மகிழுந்துத் தொழிலை மட்டும் அது கைவிட்டது.

வண்டி வாங்கியவரின் நிலை

மகிழுந்து ஒன்றை வாங்குபவர் இரும்பையும் சக்கரத்தையும் மட்டும் வாங்குவதில்லை. “பழுதானால் பாகம் கிடைக்கும், பழுது பார்க்க ஆள் இருப்பார்” என்னும் உறுதிமொழியையும் சேர்த்தே வாங்குகிறார். அவ்வுறுதிமொழியின் அடையாளமே வண்டியின் முகப்பில் ஒளிரும் பெயர். அந்தப் பெயர் போனவுடன் வண்டியின் மறுவிற்பனை விலை சரிகிறது. முகவர்களும் ஒவ்வொருவராகக் கடையை மூடுகின்றனர்.

ஸ்டூடிபேக்கர் உரிமையாளர்களுக்கும் இதே நிலைதான் வந்தது. எனினும், இன்றும் அவ்வண்டிகள் பல ஓடுகின்றன. இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, ஒற்றுமை. தொழிற்சாலை மூடப்படுவதற்கு முன்பே, 1962இல், உரிமையாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டனர். எந்தப் பாகம் எங்கே கிடைக்கும், எந்தப் பழுதை எப்படிச் சரிசெய்வது என்னும் அறிவை அவர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். அச்சங்கம் இன்றும் இயங்கி வருகிறது.

இரண்டாவது, பொறுப்பை ஏற்றுக்கொண்ட மனிதர்கள். சவுத் பெண்ட் நகரில் ஸ்டூடிபேக்கர் முகவர்களாக இருந்த நேட் ஆல்ட்மன், லியோ நியூமன் ஆகிய இருவரும் ‘அவாண்டி’ என்னும் அழகிய மகிழுந்தை உற்பத்தி செய்யும் உரிமையை வாங்கினர். பெரிய நிறுவனம் கைவிட்ட வண்டியை, அதே நகரில், சிறு எண்ணிக்கையில் அவர்கள் தொடர்ந்து செய்து விற்றனர்.

மூன்றாவது காரணம் வியப்பானது. பணப்பற்றாக்குறையால் ஸ்டூடிபேக்கர் தன் வண்டிகளின் உட்பாகங்களை அடிக்கடி மாற்றவில்லை. 1951இல் அறிமுகமான எட்டு உருளை இயந்திரத்தையே, சிறிது சிறிதாக மேம்படுத்தி, 1964 வரை பயன்படுத்தியது. 1953ஆம் ஆண்டு வண்டியின் அடிப்படையிலேயே லார்க் வண்டியையும் உருவாக்கியது. ஆகவே, ஓர் ஆண்டு வண்டியின் பாகம் பல வேளைகளில் வேறோர் ஆண்டு வண்டிக்கும் பொருந்துகிறது. அன்று நிறுவனத்தைப் பின்னடையச் செய்த குறை, பின்னாளில் உரிமையாளருக்கு வாய்ப்பாக அமைந்தது.

அவ்வண்டிகளுக்குத் தனிச் சிறப்புகளும் உண்டு. மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு மீண்டும் புறப்படும்போது அது பின்னோக்கி உருளாமல் தடுக்கும் கருவியை 1936இலேயே ஸ்டூடிபேக்கர் அறிமுகப்படுத்தியது. குறையும் இல்லாமல் இல்லை. முன்சக்கரங்களுக்கு மேலுள்ள தகடுகளுக்குப் பின்னால் சேறும் ஈரமும் தங்கி, அவ்விடம் விரைவில் துருப்பிடிக்கும். பழைய ஸ்டூடிபேக்கரை வாங்க விரும்புவோர் முதலில் தட்டிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

“யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்” என்பது நம் பழமொழி. பேணிக் காத்த பழைய மகிழுந்துக்கு இது பொருந்தும். ஆனால், அந்த யானையை வளர்த்தவர்களின் கதை வேறு.

வண்டி செய்தவரின் நிலை

சவுத் பெண்ட் தொழிற்சாலை மூடப்பட்டபோது ஏறத்தாழ 7,000 பேர் வேலை இழந்தனர். அந்நகரில் தாத்தா, அப்பா, மகன் என மூன்று தலைமுறையாக அதே ஆலையில் உழைத்த குடும்பங்கள் இருந்தன. வேலை போனாலும் ஓய்வூதியம் இருக்கிறது என்று நம்பியவர்களுக்கு அடுத்த ஆண்டு பேரிடி காத்திருந்தது. ஓய்வூதிய நிதியில் எல்லாருக்கும் கொடுக்கப் போதிய பணம் இல்லை.

பணம் எங்கே போனது? யாரும் திருடவில்லை. 1950இல் தொழிற்சங்கமும் நிறுவனமும் ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்கு முன்பு உழைத்த ஆண்டுகளுக்கும் ஓய்வூதியம் உண்டு என்று முடிவாயிற்று. அதற்குரிய பெருந்தொகையை ஒரே நாளில் போட இயலாது. எனவே, 30 ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் போடலாம் என்று திட்டமிட்டனர். இடையில் ஓய்வூதியத் தொகை பலமுறை உயர்த்தப்பட்டது. ஒவ்வோர் உயர்வும் புதிய கடனைக் கூட்டியது. நிறுவனம் 30 ஆண்டும் வண்டி செய்யும் என்பதே அத்திட்டத்தின் அடித்தளம். 14 ஆண்டுகளுக்குள் அந்த அடித்தளம் சரிந்தது.

இருந்த பணம் மூன்று வகையாகப் பங்கிடப்பட்டது. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களும், 60 வயதை எட்டி ஓய்வுக்குத் தகுதி பெற்றவர்களுமாகிய ஏறத்தாழ 3,600 பேர் முழு ஓய்வூதியம் பெற்றனர். 40 முதல் 59 வயது வரை இருந்த, குறைந்தது பத்தாண்டு உழைத்த சுமார் 4,000 பேருக்கு, உரிய தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காடு மட்டுமே கிடைத்தது. எஞ்சிய 2,900 பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இவ்வெண்களைச் சற்று நிதானித்துப் பாருங்கள். ஒரே வரிசையில் நின்று ஒரே வண்டிக்குத் திருகாணி முடுக்கிய இருவர். ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 59. முதலாமவருக்கு முழுத்தொகை. இரண்டாமவருக்கு ஒவ்வொரு 100 டாலருக்கும் 15 டாலர். உழைப்பில் வேறுபாடில்லை, பிறந்த ஆண்டில் மட்டுமே வேறுபாடு.

இந்நிகழ்வு அமெரிக்காவையே உலுக்கியது. தொழிலாளரின் ஓய்வூதியத்தைச் சட்டம் காக்க வேண்டும் என்று குரல் எழுப்பியவர்கள் ஸ்டூடிபேக்கரை எடுத்துக்காட்டாகச் சுட்டினர். பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பின், 1974 செப்டம்பர் 2ஆம் நாள் அதற்கான சட்டம் கையெழுத்தானது. ஓய்வூதியத் திட்டம் முறிந்தால் தொழிலாளருக்குக் கைகொடுக்கும் காப்புறுதி நிறுவனத்தையும் அச்சட்டம் உருவாக்கியது. சவுத் பெண்ட் தொழிலாளர்கள் இழந்ததை அது திருப்பித் தரவில்லை. அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்கு அது பாதுகாப்பாக அமைந்தது.

நமக்கான பாடம்

நம் நாட்டில் ஊழியர் சேமநிதி வாரியம் 1951இல் அமைக்கப்பட்டது. இன்று 60 வயதுக்குட்பட்ட மலேசியத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 11 விழுக்காடும், முதலாளியிடமிருந்து 12 அல்லது 13 விழுக்காடும் மாதந்தோறும் அவ்வாரியத்தில் சேர்கின்றன. அப்பணம் தொழிலாளியின் சொந்தப் பெயரில், சொந்தக் கணக்கில் இருக்கிறது. முதலாளியின் கடை மூடினாலும் அதுவரை சேர்ந்த பணம் மூடுவதில்லை. ஸ்டூடிபேக்கர் தொழிலாளிக்கு இல்லாதது இந்தப் பாதுகாப்புதான்.

எனினும், இதிலும் இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. ஓய்வூதியம் வாழ்நாள் முழுதும் வரும். சேமநிதியோ எடுக்க எடுக்கத் தீர்ந்துவிடும். மேலும், முதலாளி பணத்தைச் செலுத்தினால்தான் கணக்கில் அது சேரும். செலுத்தாமல் விடுவது சட்டப்படி குற்றம். ஆனால், கணக்கைப் பார்த்தால்தானே குற்றம் நடந்திருப்பது தெரியும்? உங்கள் பெற்றோர் தங்கள் சேமநிதிக் கணக்கை எப்போது கடைசியாகச் சரிபார்த்தார்கள்? இன்றிரவு சாப்பிடும் வேளையில் கேட்டுப் பாருங்கள். பள்ளி விடுமுறையில் நீங்கள் வேலைக்குச் சென்றாலும், சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி வாங்கும் நாள் வரும்போதும் இதே விழிப்பு வேண்டும். பெயரின் பளபளப்பை மட்டும் பார்க்காமல், “பாகம் கிடைக்குமா? இதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் அருகில் உள்ளாரா? பத்தாண்டு கழித்தும் கிடைப்பாரா?” என்று கேட்க வேண்டும். பெரிய பெயர் என்பதால் அது என்றும் நிலைக்கும் என எண்ணிவிடக் கூடாது. ஸ்டூடிபேக்கருக்குப் பின் பிளைமவுத் 2001இலும், 1897இல் தொடங்கிய ஓல்ட்ஸ்மொபில் 2004இலும் மறைந்தன.

பெயர்கள் வரும், போகும். சங்கம் அமைத்த உரிமையாளர்களும் சட்டம் வரும்வரை குரல் கொடுத்தவர்களும் ஒன்றை உணர்த்துகின்றனர். நிறுவனம் கைவிட்ட பொறுப்பை மனிதர்கள் ஒன்றுகூடி ஏற்றால், வண்டியும் ஓடும், வாழ்வும் ஓடும்.

அருஞ்சொற்பொருள்

வணிகப்பெயர் – ஒரு நிறுவனம் தன் பொருளை விற்கப் பயன்படுத்தும் பெயர்
முதல் – தொழில் தொடங்கப் போடும் பணம்
நலிந்த – வலிமை குன்றிய
கனவுந்து – சரக்கு ஏற்றிச் செல்லும் பெரிய வாகனம்
உதிரிப்பாகம் – வாகனத்தில் மாற்றிப் பொருத்தக்கூடிய உறுப்பு
ஓய்வூதியம் – பணி ஓய்வுக்குப் பின் தவறாமல் பெறும் தொகை

கருத்துணர் வினாக்கள்

1. தங்கம் தேடிச் சென்ற ஜான் எவ்வாறு பணம் ஈட்டினார்? அதிலிருந்து நீ அறிவது யாது?
2. சிறிய நிறுவனங்கள் பெரிய நிறுவனங்களோடு விலையில் போட்டியிட இயலாததற்கான காரணத்தை, பனுவலிலுள்ள கணக்கின் துணையோடு விளக்குக.
3. “அன்று நிறுவனத்தைப் பின்னடையச் செய்த குறை, பின்னாளில் உரிமையாளருக்கு வாய்ப்பாக அமைந்தது.” இக்கூற்றை விளக்குக.
4. ஸ்டூடிபேக்கரின் ஓய்வூதியத் திட்டத்துக்கும் நம் நாட்டின் ஊழியர் சேமநிதிக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டனை எழுதுக.
5. மகிழுந்துத் தொழிலைக் கைவிட்ட பிறகும் வேறு தொழில்களை நடத்திய ஒரு நிறுவனம், தன் முன்னாள் தொழிலாளர்களுக்குப் பொறுப்பேற்க வேண்டுமா? உன் கருத்தைத் தக்க காரணங்களுடன் 80 சொற்களில் எழுதுக.